இருபத்தைந்து ஊசி

ரொசாரியோவில் அந்தக் குளிர்காலம்
ஒரு டாலருக்கு மூன்றரை பேசோ.
புவனோஸ் அயர்ஸ் சுங்கக் கிடங்கில்
நாங்கள் கேட்டிருந்த சுவிட்ச்
ரசீதோடு படுத்துக் கிடந்தது.
மீட்க
எடெல்மிராவின் ஓராண்டுச் சம்பளமும் போதாது.

நான் தொலைக்காட்சி பழுதுபார்ப்பவள்.
ஈயம் உருக்கத் தெரியும் என்று
நீரியல் கூடத்துக்கு அழைத்தார்கள்.
கணக்கு எனக்குப் புரியாது.
பரானா நதி சுமந்துவரும் சேறு
கப்பல் கால்வாயில் எங்கே இறங்கும் என்பதை
எட்டுப் பழைய கணினிகள்
பங்கு போட்டுச் சொல்ல வேண்டுமாம்.
எட்டும் திவாலான வங்கி ஒன்று
தெருவில் வைத்துவிட்டுப் போனவை.
ஏழாம் எண்ணின் நெற்றியில் இன்னும் ஒரு ஒட்டி:
உங்கள் சேமிப்பு எங்களிடம் பத்திரம்.

சேதி கடத்தக் கிழட்டு வடம் ஒன்று இருந்தது.
ஒன்றுக்காக ஒன்றைக் காக்கவைப்பதுதான் பெரும்பாடு.

பின்னால் அச்சுப்பொறிக்கென்று ஒரு வாய் இருக்குமே,
இருபத்தைந்து ஊசி வைத்தது,
காகிதம் வாங்கவே காசில்லாத ஊரில்
அது சும்மாத்தானே கிடக்கிறது
என்றான் டெல்ஃபோர்.

பதினான்கு கால் பூச்சி ஒன்று வாங்கிவந்தான்.
எட்டுக் காலில் எட்டுக் கணினி.
தன் பங்கு முடிந்தது கை தூக்கும்.
எட்டும் தூக்கிவிட்டால்
பூச்சி 'இல்லை' என்னும்.
அதன் பிறவிக் குணம் அது.
அந்த இல்லையைக் கொண்டுபோய்
'வேலையாக இருக்கிறேன்' என்று
அச்சுப்பொறி முணுமுணுக்கும் ஊசியில் கொடுத்தோம்.
அதுவோ எதையும் தலைகீழாகச் சொல்லும் ஊசி.
இரண்டு முரண்டு சேர்ந்து ஒரு சம்மதம்.
என் கல்யாணமும் அப்படித்தான் நடந்தது.

பலகை, கம்பி, எட்டுச் சிவப்பு விளக்கு.
எல்லாம் சேர்த்து
ஒரு சுமாரான பீட்சா விலை.

முதல் இரவு
நாற்பது நிமிடம் ஓடி நின்றது.
ஏழாம் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.
எல்லாக் கண்களும் என் ஈயத்தின் மேல்.
பூதக்கண்ணாடி வைத்து
இருநூறு பற்றையும் தட்டிப் பார்த்தேன்.
ஒன்றும் ஆடவில்லை.
மாத்தே சுரைக்குடுவை கைமாறிச் சுற்றியது.
என் முறையில் அது ஆறிப்போயிருந்தது.

விடியற்காலை நான்கு மணிக்கு
டெல்ஃபோர் தன் தலையில் தானே அடித்துக்கொண்டான்.

ஏழாம் எண் மெதுவானது.
எட்டுக் கையும் உயர்ந்த அந்தக் கணத்தில்
அது வேறெங்கோ பார்த்திருந்தது.
மற்றவை சம்மதத்தைக் கண்டன,
கை இறக்கின,
அடுத்த கணக்குக்குப் போய்விட்டன.
இது திரும்பிப் பார்த்தபோது
ஒருவரும் இல்லை.
வந்துபோய்விட்ட ஒன்றுக்காகக்
கை தூக்கியபடி நிற்கிறது.

பழுது என் ஈயத்தில் இல்லை.
அவசரத்தில்.

இன்னொரு பூச்சி வாங்கினோம்.
வந்தாச்சா என்று கேட்க ஒன்று,
பார்த்தாச்சா என்று கேட்க ஒன்று.
கடைசி ஆள் பார்க்கும்வரை
யாரும் கை இறக்கக் கூடாது.
பதினோரு இரவு ஓடியது.
கால்வாயின் இடது ஓரம் என்றது.
தூர்வாரும் கப்பல்காரர்கள் அதைக் கேட்டார்களா,
தெரியாது.

ஆகஸ்டில் டெல்ஃபோர் வலென்சியாவுக்குப் புறப்பட்டான்,
அங்கே சித்தி வீட்டுக்கு மேலே ஓர் அறை.
பேருந்து நிலையத்தில் நாங்கள் ஐந்து பேர்.
கை அசைத்தோம்.
அவன் குனிந்து
கடவுச்சீட்டைத் தேடிக்கொண்டிருந்தான்,
இந்தப் பை, அந்தப் பை, மறுபடி இந்தப் பை.
வண்டி நகர்ந்தது.
எனக்குத் தோள் வலித்தது.

"இறக்காதே," என்றாள் எடெல்மிரா,
"இன்னும் பார்க்கவில்லை."

வளைவில் கண்ணாடிக்குப் பின்னால்
ஏதோ அசைந்தது.
கையாக இருக்கலாம்.
திரைச்சீலையாகவும்.